மத்ததுக்கு மிதி

"எலும்பு ஒடஞ்சா ஏறு. மத்ததுக்கு மிதி."

எங்கள் சைக்கிள் அணிக்குப் பின்னால் வண்டி ஓட்டிவந்த அக்கா சொன்னது இது. என்றைக்கோ ஒருநாள் சொன்னதில்லை, வாயைத் திறந்தாலே இதுதான். தொடை கல்லாகி, கண் இருட்டி, கல்வராயன் மலையின் ஏதோ ஒரு வளைவில் "யக்கா, முடியல, ஏத்திக்கயேன்" என்று கெஞ்சிக்கொண்டிருப்போம். அவர் ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் வெளியே நீட்டி இதைச் சொல்லிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் நாங்கள் மனசுக்குள் அவரைத் திட்டியதை எழுதினால் அச்சில் ஏறாது.

கள்ளக்குறிச்சியில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு சாலைப் பந்தயம் ஓட்டிய ஒரு சைக்கிள் அணி இருந்தது என்றால் இப்போது பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற மீதிப் பேர், "அதான் கலைஞ்சு போச்சே" என்கிறார்கள். அப்படிச் சொன்ன ஒருவரிடம் டீக்கடையில் நான் சண்டைக்கே போயிருக்கிறேன். கலைந்தது கம்பெனி. நாங்கள் கடைசிப் பந்தயத்தை ஓட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம். இது ரெண்டும் ஒன்று என்று நினைக்கிறவர்களுக்கு அக்காவைத் தெரியாது.

விதையும் உரமும் விற்கிற கம்பெனி அது. முதலாளிக்கு வெளிநாட்டுச் சைக்கிள் பந்தயங்களை டிவியில் பார்க்கிற பழக்கம். பார்த்துப் பார்த்து ஆசை முற்றி, நம்ம ஊருக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று ஏழு பேரைத் தேடிப் பிடித்தார். ரிஷிவந்தியத்திலிருந்து கல்லூரிக்குச் சைக்கிளில் வந்துபோய்க்கொண்டிருந்த நான் அதில் ஒருவன். பச்சைச் சட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு, கோட்டுக்கு மேலே கம்பெனியின் பெயர். பெயரை யாரும் வாசிக்கவில்லை. ஊரில் எங்களை மஞ்சக்கோட்டுப் பசங்க என்றார்கள். எங்கள் இறுக்கமான அரை டவுசரைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும், அந்த டவுசரைப் போட்டுக்கொண்டு சம்பளம் வாங்கியவர்கள் இந்த மாவட்டத்தில் நாங்கள் மட்டும்தான்.

பந்தயச் சைக்கிளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வண்டி வரவேண்டும். மாற்றுச் சக்கரம், தண்ணீர், சாப்பாடு எல்லாம் அதில்தான் இருக்கும். முதலில் இருந்த டிரைவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட, ஆள் கிடைக்கிறவரைக்கும் இருக்கட்டும் என்று மேனேஜர் அக்காவைக் கூட்டிவந்தார். அதன் பிறகு ஆள் தேடுவதை அவர் மறந்துவிட்டார், அல்லது தேடப் பயந்துவிட்டார்.

அக்காவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. ஊர் மணலூர்பேட்டைப் பக்கம். அதற்குமுன் கரும்பு டிராக்டர் ஓட்டினார். பின்னால் ரெண்டு டிரெய்லரில் கரும்பை மலை மாதிரி அடுக்கிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போய், லோடு இறக்க முறை வருகிறவரை டிராக்டருக்கு அடியிலேயே சேலையை விரித்துப் படுத்துக்கிடந்தவர். பொம்பளை எப்படி டிராக்டருக்கு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், "டிராக்டரு ஆம்பளையான்னு கேட்டுச்சா?" என்பார். வீட்டுக்காரர் இருந்தாரா, இறந்தாரா, எப்போது என்பதெல்லாம் எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

கரும்பு வண்டியிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு சட்டம். "ஏத்தத்துல நிறுத்தாத. நின்னா லோடு பின்னால இழுக்கும்." டிராக்டருக்குப் பொருந்துவது சைக்கிளுக்கும் பொருந்தும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். தான் ஓட்டுகிற வண்டியையும் ஏற்றத்தில் நிறுத்த மாட்டார். நடுரோட்டில் மாடு நின்றாலும் ஹாரனை அழுத்திக்கொண்டு ஊர்ந்து போவாரே தவிர பிரேக்கைத் தொட மாட்டார். மலையில் அவர் வண்டி நின்று நாங்கள் பார்த்ததே இல்லை.

மற்றபடி சைக்கிளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டவும் தெரியாது. முதல் பந்தயத்தில் எங்கள் தோள்பையில் வாழைப்பழத்துக்குப் பதிலாகப் புளிசோற்றுப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தார். "பழம் எந்த மூலைக்குடா காணும்? சோறு துன்னாத்தான் தெம்பு." மிதித்துக்கொண்டே ஒரு கையால் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, சின்னசேலம் போவதற்குள் நாலு பேர் வாந்தி எடுத்தோம். இன்னொரு தடவை, ஒருவனுக்குப் பின்சக்கரம் பஞ்சர் ஆகிவிட்டது. அவன் கத்தக் கத்த அக்கா முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அது மாட்டவில்லை. இவர் அதைக் காலால் உதைத்து மாட்டப் பார்த்தார். பந்தயக் கூட்டம் எங்களைத் தாண்டிப் போயே போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலம் எல்லாப் பின்சக்கரத்திலும் தன் பழைய சேலையைக் கிழித்துச் சிவப்புத் துணி கட்டினார். தப்பு யாருடையது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மட்டும், "பின்னாடின்னு தெளிவா சொல்லணும், மொணமொணன்னு சொல்லிக்கினு" என்றார்.

அவரோடு எனக்கு ஒத்துப்போகாமல் போனது பாட்டில் விஷயத்தில்தான். சைக்கிள் பந்தயத்தில் எல்லோரும் செய்கிற ஒரு சின்னத் திருட்டு உண்டு. வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். சைக்கிள்காரன் அதைப் பிடிப்பான், ஆனால் வாங்க மாட்டான். கொடுக்கிறவரும் விட மாட்டார். ரெண்டு பேரும் ஒரே பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்க, வண்டி போகிற வேகத்தில் அவனும் மிதிக்காமலேயே கொஞ்ச தூரம் இழுபட்டுப் போவான். பார்க்கிற நடுவருக்குத் தண்ணீர் வாங்குவது மாதிரிதான் தெரியும். பாட்டில் ஒட்டுவது என்போம். பெரிய பெரிய அணிகளிலும் செய்கிறார்கள் என்று முதலாளியே டிவியில் காட்டியிருக்கிறார். ஏற்றத்தில் அந்தக் கொஞ்ச தூரம் எப்பேர்ப்பட்ட வரம் என்று மிதித்தவனுக்குத்தான் தெரியும்.

அக்காவிடம் அது நடக்காது. இடது கையில் ஸ்டீயரிங், வலது கையில் பாட்டில். என் விரல் பட்ட மறுநொடி அவர் விட்டுவிடுவார். அவர் பிடித்துக்கொள்வார் என்று நம்பிச் சாய்ந்து ரெண்டு தடவை கீழே விழப் பார்த்தேன்.

"யக்கா, கொஞ்சம் புடியேன். எல்லாரும் செய்றதுதானே?"

"தண்ணிதானே கேட்ட? வாங்கிக்கினு போ."

ஏழு பேரில் மலை ஏறுவதில் நான்தான் கடைசி. சமவெளியில் என்னைப் பிடிக்க முடியாது, அதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கோமுகி அணையைத் தாண்டி ரோடு தலையைத் தூக்கியதும் என் கதை முடிந்துவிடும். ஆகவே அவரிடம் அதிகம் கெஞ்சியவன் நான், அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவனும் நான். இந்தப் பொம்பளையை மாற்றுங்கள் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னதும் நான்தான். "நீயே போய்ச் சொல்லிடு" என்றார் மேனேஜர். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

எலும்பு உடைந்தால் ஏற்றுவேன் என்றாரே, அதிலும் அவர் சொன்ன சொல் தவறவில்லை. சங்கராபுரம் ரோட்டில் ஆடு குறுக்கே வந்து எங்களில் ஒருவன் விழுந்தான். கழுத்துக்குக் கீழே காறை எலும்பு உடைந்து சட்டைக்குள் முட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அக்கா அவனைக் கரும்புக்கட்டு மாதிரித் தூக்கி வண்டியில் உட்கார வைத்து, தோளில் கிடந்த துண்டால் கையைக் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு விட்டார். பந்தயம் நடக்கிறது, பின்னால் வண்டி இல்லாமல் நாங்கள் என்ன செய்வோம் என்றெல்லாம் யோசிக்கவே இல்லை.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், நல்லதாகவே சொல்லிக்கொண்டு போனால் அது அக்காவே ஆகாது. ஒருநாள் பயிற்சிக்கு வெள்ளிமலை போய்த் திரும்புகிற வழியில் ஒருவனுக்கு நல்ல காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதிக்கிறது, பல் கிட்டுகிறது. வண்டியில் ஏற்றச் சொல்லி நாங்கள் எல்லோருமே கேட்டோம். ஏற்றவில்லை. மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, அவனுக்குப் பின்னாலேயே ஆள் நடக்கிற வேகத்தில் வண்டியில் ஊர்ந்துகொண்டு கள்ளக்குறிச்சிவரை வந்தார். பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக் கத்தியிருக்கின்றன. "புள்ள போய்க்கினு இருக்கான் தெரியல? சுத்திக்கினு போ" என்று அத்தனை பேரோடும் சண்டை போட்டாராம். அவன் வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் ஒரு வாரம் எழவில்லை. அவன் அம்மா சைக்கிள் நிறுத்துகிற எங்கள் குடோனுக்கே வந்துவிட்டார்.

"இது புள்ளயா, இல்ல மாடா? ஒனக்கு மனசே இல்லியா?"

அக்கா தலையைக் குனியவில்லை. அந்த அம்மா அழுது, திட்டி, ஓய்ந்து போகிறவரைக்கும் எதிரிலேயே நின்றார். பிறகு அவன் எழுந்து வருகிறவரைக்கும் தினமும் அவன் வீட்டு வாசலில் ஒரு தூக்குவாளி கஞ்சி இருந்தது என்று கேள்விப்பட்டோம். அவர் செய்தது தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவரிடமே சொல்லியிருக்கிறேன். "தப்புதான் போ" என்றார். மாற்றிக்கொண்டாரா என்றால், இல்லை.

பிறகு கம்பெனி படுத்தது. ஏன், எப்படி என்பது எனக்குப் புரிந்ததும் இல்லை, அதில் அக்கறையும் இல்லை. மலைப் பந்தயத்துக்கு முந்தின வாரம் மேனேஜர் எங்களை நிற்க வைத்து, "டீம் இல்லப்பா இனிமே" என்றார். ஒருவன் அன்றைக்கே சென்னைக்குப் பஸ் ஏறினான். ஒருவன் திருப்பூர் போனான். காறை எலும்பு உடைந்தவனுக்குக் கை இன்னும் தேறவில்லை. மிச்சம் நாலு பேர்.

அந்த மலைப் பந்தயம் எங்கள் மலையில், எங்கள் ரோட்டில். கச்சிராயபாளையத்தில் கிளம்பி கோமுகி அணை வழியாக ஏறி வெள்ளிமலையில் முடிகிறது. ரெண்டு வருஷமாக அதற்காகத்தான் உயிரை விட்டுக்கொண்டிருந்தோம். அணியாக ஓட்ட வேண்டுமானால் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும், குறைந்தது நாலு பேர் முடிக்க வேண்டும். மூன்று பேர் முடித்து ஒருவன் விட்டுவிட்டால் அந்த அணியே முடிவுப் பட்டியலில் வராது, வந்த சுவடே இருக்காது. நாங்கள் சரியாக நாலு பேர். அதில் நான் ஒருவன். என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கம்பெனி வேனை முதலிலேயே கொண்டுபோய்விட்டார்கள். சனிக்கிழமை சைக்கிள்களை எடுத்துப்போக மேனேஜர் வந்தபோது குடோன் காலியாகக் கிடந்தது. வாசலில் அக்காவின் சொந்தக் குட்டியானை, மலையிலிருந்து மரவள்ளி ஏற்றுவதற்காக வாங்கிய பழைய மினி லாரி. அதன்மேல் சைக்கிள்கள் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. டிரைவர் சீட்டில் அக்கா.

"கம்பெனியே இல்லம்மா. அப்புறம் ஏது டீமு? எறக்கிடுங்க."

"கம்பெனிதானே சார் மூடுச்சு? இவனுங்க காலு நல்லாத்தானே இருக்குது?"

"கம்பெனி பேரு போட்ட சட்டையப் போட்டுக்கினு ஓட்டக் கூடாதுன்னு வேற மேலருந்து சொல்லிட்டாங்க."

"பேரு தெரியக் கூடாது. அவ்ளோதானே?"

"அவ்ளோதான் இல்லம்மா, சைக்கிளு..."

"திங்கக்கிழம வாங்க சார். தொடச்சு, செயினுக்கு எண்ண போட்டு வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழம எங்களுக்கு வேல இருக்குது."

மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கும்தான் வேலை போயிருந்தது. வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நான் இன்னிக்கு வரவே இல்லன்னு வச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனார். எங்களுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அக்கா இருந்ததால் கத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா சட்டைகளை வாங்கி உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பிக் கொடுத்தார். பெயர் மறைந்துபோனது. பச்சை வெளிறி, தையல் நூல் எல்லாம் தொங்கிக்கொண்டு, கிழிசல் துணி மாதிரி இருந்தது. மஞ்சள் கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதில் ஒரு சங்கடத்தை அவர் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. பந்தயச் சட்டையின் பைகள் முதுகுப் பக்கம் இருக்கும். சட்டையைத் திருப்பினால் பை உள்ளே போய்விடும். நாங்கள் வைத்த வாழைப்பழங்கள் முதல் ஏற்றத்திலேயே முதுகோடு நசுங்கி இடுப்புவரை வழிந்தன.

பதிவு செய்கிற இடத்தில், "டீம் பேரு?" என்று கேட்டார் ஒருவர்.

"பேரு அப்புறம் சொல்றேன். வண்டி இருக்குது, நாலு பேரு இருக்கானுங்க. எழுதிக்குங்க" என்றார் அக்கா. அவர் எழுதிக்கொண்டார்.

இந்தப் பந்தயத்தில் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வேன் வரும். முடியாதவர்களை அள்ளிப்போடுகிற வேன். குறித்த நேரம் தாண்டியதும் அது முன்னால் ஏற ஆரம்பிக்கும். அது யாரைத் தாண்டுகிறதோ அவன் பந்தயத்தில் இல்லை, ஏறி உட்கார வேண்டியதுதான். அது மேலே போய்ச் சேர்ந்ததும் முடிவுக்கோட்டை மூடிவிடுவார்கள்.

அணை தாண்டினோம். மற்ற மூன்று பேரும் கண்ணுக்குத் தெரிகிறவரை தெரிந்தார்கள், பிறகு வளைவில் மறைந்தார்கள். அணி இல்லாமல் வந்த தனி ஆட்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் சைக்கிளே இல்லை. அக்காவின் குட்டியானை, அதற்குப் பின்னால் அந்த வேன், அவ்வளவுதான்.

ரோட்டோரம் சாமை வயலிலிருந்து ஒரு மலைக்காரம்மா கதிர்க்கட்டோடு ஏறிவந்து என்னைப் பார்த்து நின்றார். "இன்னாத்துக்குத் தம்பி இப்டி உசுர உட்ற? பஸ்ஸுதான் இருக்குதே."

"பஸ்ஸுல நீ போம்மா. அவன் ஏற மாட்டான்" என்றது பின்னாலிருந்து அக்காவின் குரல்.

ஏற மாட்டான் என்று அவர்தான் சொன்னார். நான் ஏறத் தயாராக இருந்தேன். தொடை பிடித்துக்கொண்டது, வாயில் எச்சில் இல்லை, முதுகில் வாழைப்பழம் காய்ந்து இழுத்தது. பாட்டில் கேட்டேன். நீட்டினார். நான் ஒட்டப் பார்த்தேன், அவர் விட்டுவிட்டார். அன்றைக்குக்கூட. இனிமேல் இல்லாத அணிக்கு, சம்பளம் தராத கம்பெனிக்கு மிதிப்பதை எவன் பார்க்கப்போகிறான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேன் ஹாரன் அடித்தது. நேரம் ஆகிவிட்டது. ஜன்னலில் ஒருவர் எட்டிப்பார்த்து, நல்ல மனதோடுதான், "தம்பி, போதும்ப்பா. வந்து ஏறிக்குங்க" என்றார். நான் வளைவில் நின்று ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டேன்.

ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர், நடுவில் குறுகின ரோடு. அக்காவின் குட்டியானை என்னைத் தாண்டாமல் அப்படியே குறுக்கே திரும்பி நின்றது. இன்ஜின் அணைந்தது. அக்கா இறங்கி, கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் போட்டுவிட்டு மறுபடி போய் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தாத அக்கா.

"யக்கா, இன்னா ஆச்சு?"

"சூடாயிடுச்சு."

"நீ ஏத்தத்துல நிறுத்தவே மாட்டியே?"

"வண்டி கேக்கல, நிக்குது. நீ இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்க? எலும்பு ஒடஞ்சுச்சா?"

"இல்ல."

"அப்ப மிதி."

வேன்காரர் இறங்கி வந்தார். "ஏம்மா, வழிய விடுங்கம்மா." "சூடாயிடுச்சு சார், ஆறட்டும்." "தள்ளி ஓரமா விடலாமே?" "லோடு பின்னால இழுக்கும் சார்." என்ன லோடு? வண்டியில் நாலு சக்கரமும் ஒரு குடம் தண்ணீரும்தான் இருந்தன. இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே மிதிக்க ஆரம்பித்தேன். அடுத்த வளைவு வந்தது, அவர்கள் குரல் கேட்காமல் போனது.

ரெண்டு வருஷத்தில் முதல்முறையாக ஏற்றத்தில் எனக்குப் பின்னால் வண்டிச் சத்தம் இல்லை. கெஞ்சுவதற்கு ஆள் இல்லை, திட்டுவதற்கும் ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தால் வெறும் ரோடு. அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கம்பெனிமேலா, மலைமேலா, வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷிமேலா? அந்தக் கோபத்தில் மிதித்தேன். கரியாலூர் தாண்டியதும் ஏற்றம் தணிந்தது. வெள்ளிமலையில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பசங்க மூன்று பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். நான் கோட்டைத் தாண்டி, சைக்கிளோடு சேர்ந்து விழுந்தேன்.

வெகுநேரம் கழித்து அக்கா வந்தார். பின்னால் ஹாரன் அடித்தபடி அந்த வேன். நடுவர் கோபமாக அக்காவின் ஜன்னலுக்குப் போனார்.

"என்னம்மா இது? வேணும்னே வழிய மறிச்சீங்களா?"

"சூடாயிடுச்சு சார். வேணும்னா தொட்டுப் பாருங்க."

குட்டியானைக்கு இன்ஜின், டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. தொட்டுப் பார்க்க வேண்டுமானால் அக்கா எழுந்திருக்க வேண்டும். எழுந்திரு என்று அக்காவிடம் சொல்ல அந்த மலையில் யாருக்கும் துணிவில்லை. நடுவர் நோட்டைத் திறந்து, "சரி, இவன் வந்தாச்சு. உங்க டீம் பேரச் சொல்லுங்க, எழுதணும்" என்றார்.

"மஞ்சக்கோடு" என்றார் அக்கா.

அணிகளில் நாங்கள்தான் கடைசி. மைக்கில் அந்தப் பெயரைச் சொன்னபோது கைதட்டியது நாங்கள் நாலு பேர் மட்டும்தான். தட்டினோம் பாருங்கள், பந்தல் பிரிக்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

அது நேர்மையா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குப் பின்னால் வேறு யாரும் இல்லை, யாருடைய இடத்தையும் நான் பிடுங்கவில்லை. இருந்தாலும் உறுத்தியது. வண்டியில் சக்கரங்களை ஏற்றும்போது அவரிடம் கேட்டேன்.

"யக்கா, பாட்டிலக்கூட ஒட்ட உட மாட்ட. இது மட்டும் இன்னா ஞாயம்?"

"ஏத்துற வண்டியத்தான் நிறுத்துனேன். உன்ன நானா ஏத்துனேன்? நீதானே மிதிச்ச?"

திங்கட்கிழமை மேனேஜர் வந்தார். சைக்கிள்கள் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு வரிசையாக நின்றன. பின்சக்கரத்துச் சிவப்புத் துணிகளை மட்டும் அக்கா அவிழ்த்து எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் எங்கள் அணி.

நான் இப்போது சொட்டுநீர்க் குழாய் விற்கிறேன், ஒரு பழைய கார் இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை அக்காவிடமிருந்து போன். பல வருஷத்துக்குப் பிறகு. எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் இல்லை.

"வூட்டாண்ட வழுக்கி உழுந்துட்டேன்டா. எலும்பு ஒடஞ்சிடுச்சு. வண்டி எடுத்துக்கினு வா."

போனேன். இடுப்பு எலும்பு. வலியில் முகம் வெளுத்திருந்தது, ஆனால் ஏற்றும்போது முரண்டு பிடிக்கவில்லை. உடைந்திருக்கிறது, ஏறலாம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அனுப்புகிற நாளில் நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இது இன்னாத்துக்கு?"

"வாசல் வரைக்கும் இதுலதான் போவணும்ங்கம்மா."

"எலும்பத்தான் சேத்து வச்சிட்டீங்களே? அப்புறம் இன்னாத்துக்கு ஏத்துற?"

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அக்கா எழுந்தார். வார்டைத் தாண்டினால் வாசலுக்கு ஒரு சரிவுப் பாதை ஏறுகிறது. அதில் அவர் ஒவ்வொரு அடியாக ஏற, காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நான் ஊர்ந்து போனேன். பின்னால் ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்கள் வழி கேட்டார்கள். "போய்க்கினு இருக்காங்க தெரியல? சுத்திக்கினு போங்க" என்றேன்.

பாதி ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. நெற்றியில் வேர்வை. "கொஞ்சம் நில்லுக்கா" என்றேன்.

"ஏத்தத்துல நிக்கச் சொல்றியா?" என்றார். பிறகு, "தண்ணி குடு" என்று வலது கையை நீட்டினார்.

பாட்டிலைக் கொடுத்தேன். பிடித்தார். ஒரு கையை ஊன்றுகோலிலிருந்து எடுத்ததில் அவர் உடம்பு லேசாகச் சாய, அந்தப் பாரம் பாட்டில் வழியாக என் கைக்கு வந்தது. நான் விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்படியே ரெண்டு அடி இழுத்துக்கொண்டு போய்விடலாம் போலத்தான் இருந்தது.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

"தண்ணிதானே கேட்டேன்? உடுடா."

விட்டேன்.